புந்தரில் இன்று விமானம் இறங்குமா?

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் போன் ஓயாது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேற்கு மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டு மேஜை, ஒரு பிரின்டர், சுவரில் பனிமலை காலண்டர், அவ்வளவுதான். தமிழ்க் குடும்பங்களை சிம்லா, மணாலி, லடாக், நேபாளம் என்று அனுப்பிவைத்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பிழைப்பு. பிள்ளைகளின் பரீட்சைத் தேதி தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "சார், மணாலிக்கு நேரா ஃபிளைட் இருக்கா?"

சென்னையிலிருந்து நேராக இல்லை. டெல்லி போய், அங்கிருந்து இறக்கைக்கு ஒன்றாக விசிறி சுற்றும் சின்ன ஏடிஆர் விமானத்தில் ஏற வேண்டும். அதுவும் மணாலியில் இறங்காது. மணாலிக்கு ஐம்பது கிலோமீட்டர் தெற்கே, பார்வதி ஆறு பியாஸில் வந்து கலக்கும் புந்தர் என்ற ஊரில்தான் இறங்கும். டிக்கெட்டில் குலு என்று போட்டிருப்பார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்ததும், "பரவாயில்லை, போட்டுடுங்க" என்பார்கள். அப்புறம்தான் நான் இழுக்க ஆரம்பிப்பேன். டிக்கெட் போடுவது சுலபம். அன்றைக்கு அந்த விமானம் அங்கே இறங்குமா என்பது வேறு விஷயம். அதை டிக்கெட் விற்கிற நானோ, விமான நிறுவனமோ முதல் நாளே அடித்துச் சொல்ல முடியாது.

பொதுவாக வாடிக்கையாளர்களுக்கு இந்த இடத்தில் என்மேல் சந்தேகம் வரும். பஸ் பேக்கேஜை விற்கத்தான் இப்படிப் பயமுறுத்துகிறான் என்று நினைப்பார்கள். அதனால் சில கணக்குகளை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். புந்தரில் இருப்பது சுமார் 1,100 மீட்டர், நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நீட்டிவிடலாமே என்றால் ஒரு பக்கம் பியாஸ் ஆறு, மற்றப் பக்கங்களில் ஊரும் மலையும். மீனம்பாக்கம் கடல் மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரம், புந்தர் 1,089 மீட்டர். இந்த உயர வித்தியாசம்தான் ஆட்டத்தையே மாற்றுகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. புந்தர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்குத் தூக்கு விசை கிடைப்பதும் காற்றால்தான், விசிறிக்கும் என்ஜினுக்கும் தீனியும் காற்றுதான். மூன்றும் ஒரே நேரத்தில் இளைக்கின்றன. இளைத்த காற்றில் எழும்ப வேண்டுமானால் தரையில் கூடுதல் வேகம் எடுக்க வேண்டும், கூடுதல் வேகத்துக்கு நீண்ட பாதை வேண்டும். அங்கே இல்லாதது அதுதான்.

இதோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். சூடான காற்று இன்னும் மெலிந்த காற்று. உயரம், வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, "இந்தக் காற்று எந்த உயரத்துக் காற்றுக்குச் சமம்" என்று விமானிகள் ஒரு கணக்குப் போடுவார்கள். ஜூன் மாதப் பகலில் புந்தரில் 30 டிகிரி அடித்தால், விமானத்தைப் பொறுத்தவரை அது சுமார் 1,900 மீட்டர் உயரம். இதே கணக்கை நம் ஊருக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரி தொடும்போது, மீனம்பாக்கமே சுமார் 900 மீட்டர் உயர மலையூராகிவிடுகிறது. மனிதர்களுக்கு மட்டும் அந்தக் குளிர்ச்சி வந்து சேர்வதில்லை. நம்மிடம் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாதை இருப்பதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. புந்தரில் ஒவ்வொரு கிலோவையும் கவனித்தாக வேண்டும்.

அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு குழுவுடன் நானும் போயிருந்தபோது, டெல்லியில் அந்தச் சின்ன விமானத்தின் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருந்தோம். பணியில் இருந்த பெண் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடை போட்டார். திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போனில் யாரிடமோ பேசினார். பிறகு சிரித்த முகத்தோடு, இன்று எல்லாருடைய பெட்டியும் வராது, சிலருடையதை அடுத்த விமானத்தில் அனுப்புகிறோம் என்றார். எங்கள் குழுவில் ஒரு மாமி. அவருடைய நீலப் பெட்டியில் உடுப்புகள் கால்வாசிதான். மீதி பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் பாட்டில், வடகம், அப்பளம், ஒரு சின்ன இண்டக்‌ஷன் அடுப்பு. "ஸ்வெட்டர் வேணா போகட்டும், அந்தப் பொட்டி மட்டும் வந்தாகணும்னு சொல்லுங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இந்தியில் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்பளம் வரைக்கும் புரிந்தது. பெட்டி வரவில்லை. விமானத்தில் ஏறிப் பார்த்தால் ஏழெட்டு இருக்கை காலி. "எடமில்லைன்னாளே, இதென்ன?" என்று மாமி கேட்டார். இடம் நிறைய இருந்தது, எடைக்குத்தான் இடமில்லை.

காரணம் எளிது. குட்டையான பாதையில் இறங்கி நிற்க விமானம் லேசாக இருக்க வேண்டும். இறங்க முடியாமல் திரும்ப நேர்ந்தால் வேறு ஊர் போய்ச் சேர எரிபொருளும் வயிற்றில் இருக்க வேண்டும். இரண்டையும் கழித்தால் மிச்சம் எவ்வளவோ, அவ்வளவுதான் பயணிகளும் பெட்டிகளும். சிம்லாவின் ஜுப்பர்ஹட்டி நிலையத்திலும் இதே கதை. மலைமுகட்டைச் சீவி 1,546 மீட்டர் உயரத்தில் போட்ட பாதை அது, நீளம் சுமார் 1,200 மீட்டர். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில், முதல் விமானத்தைப் பிரதமர் 2017 ஏப்ரலில் அங்கிருந்துதான் கொடியசைத்து அனுப்பினார். அங்கும் இருக்கைகளை முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்புவது நடக்கிற காரியமில்லை. இருக்கை காலியாகப் பறந்தால் நிறுவனத்துக்கு நஷ்டம், அரசு மானியம் கொடுத்தால்தான் ஓடும். டிக்கெட் விலை ஏன் அப்படி எகிறுகிறது என்று என்னிடம் சண்டைக்கு வருபவர்களுக்கும் இதுதான் பதில்.

எடைப் பிரச்சினை தீர்ந்தால் வானிலை. மீனம்பாக்கத்தில் மேகமும் மழையுமாக இருந்தாலும், தரையிலிருந்து வரும் ஐஎல்எஸ் ரேடியோ சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு விமானம் நேர்கோட்டில் சறுக்கி வந்து இறங்கிவிடும். புந்தரில் அந்தக் கருவி கிடையாது. பள்ளத்தாக்குக்குள் நுழைந்து, மலைச்சரிவுகளுக்கு நடுவே, பாதையைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மேகம் பள்ளத்தாக்கை மூடிவிட்டால் திரும்பிவிட வேண்டியதுதான். எல்லா விமானிக்கும் இங்கே அனுமதி இல்லை. குலு, சிம்லா, லடாக்கின் லே போன்றவற்றை விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது, அதற்கென்று பயிற்சி பெற்ற கேப்டன்தான் ஓட்டலாம். பகல் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கி வீச ஆரம்பிக்கும், மதியத்துக்குமேல் வலுக்கும். அதனால் எல்லாரும் காலையிலேயே வந்துபோய்விடப் பார்ப்பார்கள்.

இதில் குளிர்காலத்துக் கூத்து ஒன்று உண்டு. டிசம்பர், ஜனவரியில் புந்தரில் காலை வானம் பளிச்சென்று இருக்கும், ஆனால் டெல்லியில் பனிமூட்டம். விமானம் டெல்லியை விட்டுக் கிளம்பவே பத்து, பதினொன்று ஆகிவிடும். போய்ச் சேர்வதற்குள் மலையில் காற்று கிளம்பிவிடும். குலுவில் இருக்கும் எங்கள் டிரைவர் வாட்ஸ்அப்பில் நீலவானத்தைப் படம் பிடித்து அனுப்பி, "பையா, இங்கே வெயில் கொளுத்துகிறது, ஏன் விமானம் வரவில்லை?" என்று இந்தியில் கேட்பார். இங்கே வாடிக்கையாளரின் மாமனார் எனக்கு போன் போட்டு, "டெல்லியில பனின்னா மணாலி ஃபிளைட் எதுக்குப்பா கேன்சலாகுது?" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்வேன், இரண்டு பேரும் நம்ப மாட்டார்கள்.

ரத்தானால் என்ன கிடைக்கும்? வானிலையால் ரத்தானால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், அல்லது வேறு விமானத்தில் இடம் தருவார்கள். அதற்குமேல் நஷ்ட ஈடு கிடையாது, விதியே அப்படி. அதனால் நான் வைத்திருக்கும் ஏற்பாடு இதுதான்: போகும்போது வேண்டுமானால் புந்தர் விமானம், வரும்போது கூடவே கூடாது. போகும்போது ரத்தானால் டெல்லியிலிருந்து கார் பிடிக்கலாம், ராத்திரி வோல்வோவில் ஏறிக்கொள்ளலாம். மணாலியில் ஒரு பகல் போகும், அவ்வளவுதான். திரும்பும்போது ரத்தானால் டெல்லியில் காத்திருக்கும் சென்னை விமானம் கைநழுவும். அது வேறு நிறுவனத்தில், வேறு பிஎன்ஆரில் எடுத்த டிக்கெட்டாக இருந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நான்கு பேர் குடும்பம் சீசனில் கடைசி நிமிஷ டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கேட்டும், "ஒரே நாள்ல வீட்டுக்கு வந்துடலாமே சார்" என்று அடம்பிடிப்பவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன்.

சாலையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் ஆறு நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அப்படியே அரித்துக்கொண்டு போய்விட்டது. சுற்றுலாப் பயணிகள் அங்கங்கே மாட்டிக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் இப்படியெல்லாம் கட்டுவார்களா என்று அப்போது ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். நம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டுத்தான் போகிறது என்று ஞாபகப்படுத்தினேன். 2015 டிசம்பரில் அந்த ஆறு உள்ளே வந்து நாள்கணக்கில் மீனம்பாக்கத்தை மூடிவைத்ததை மாம்பலத்துக்காரர் மறந்திருக்க மாட்டார்.

இன்னும் மேலே போனால் லே. 3,256 மீட்டர். காற்று அடர்த்தி கால் பங்குக்குமேல் குறைவு. 1948 மே மாதம் மெஹர் சிங் என்ற விமானப்படை அதிகாரி, ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானத்தில் போய் இறங்கிக் காட்டிய இடம். இன்று பெரிய ஜெட்களே போகின்றன, ஆனால் பெரும்பாலும் காலையில்தான். 2024 ஜூலையில் அங்கே வெயில் 36 டிகிரியைத் தொட்டபோது விமானங்களை ரத்து செய்தார்கள். லடாக்கில் சூடு தாங்காமல் விமானம் ரத்து என்று நான் சொன்னபோது, "ரீல் விடாதீங்க" என்றார் ஒரு வாடிக்கையாளர். செய்தியின் இணைப்பை அனுப்பியபின்தான் அடங்கினார்.

ஓஎம்ஆர் ஐடி இளைஞர்களிடம் இப்போது வேறொரு மோகம், எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடப்பது. அதற்கு வாசல் லுக்லா. எனக்கு இந்த நிலையத்தின் மேல் பயமும் மரியாதையும் சரிசமமாக உண்டு. 2,845 மீட்டர் உயரம், ஓடுபாதை வெறும் 527 மீட்டர். அதுவும் தட்டையாக இல்லை, 11.7 சதவீதச் சாய்வு. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உயர வித்தியாசம் 60 மீட்டர், நம் அண்ணா சாலை எல்ஐசி கட்டடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இறங்குவது எப்போதும் மேட்டை நோக்கி, ஏற்றமே பாதி பிரேக் போட்டுவிடும். கிளம்புவது எப்போதும் பள்ளத்தை நோக்கி, இறக்கமே வேகம் கூட்டிவிடும். மேல்முனையில் மலை நிற்பதால், கிட்டே வந்தபிறகு மறுபடி தூக்கிக்கொண்டு சுற்றி வரும் பேச்சே இல்லை. 2008 அக்டோபரில் மூடுபனியில் இறங்கப் பார்த்த விமானம் ஒன்று பாதைக்குச் சற்று முன்னால் மோதி 18 பேர் இறந்தார்கள், கேப்டன் ஒருவர்தான் பிழைத்தார்.

அங்கே போகும் சின்ன ட்வின் ஆட்டர், டோர்னியர் விமானங்களில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான். சீசனில் காட்மாண்டு நெரிசலால் பல விமானங்களை ராமேச்சாப் என்ற ஊருக்கு மாற்றிவிடுவார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஜீப்பில் கிளம்பி, நாலைந்து மணி நேரம் மலைச்சாலையில் உருண்டு, விடிகாலையில் வரிசையில் நிற்க வேண்டும். பறப்பது என்னவோ இருபது நிமிஷத்துக்கும் குறைவு. திரும்பி வரும்போது லுக்லாவில் மேகம் உட்கார்ந்துவிட்டால் உட்கார்ந்ததுதான். 2011 நவம்பரில் இப்படிப் பல நாள் விமானமே இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சின்ன ஊரில் தேங்கிப் போனார்கள். எங்கள் மூலமாகப் போன தம்பி ஒருவர் அங்கே மாட்டிக்கொண்டு, "அண்ணா, திங்கள்கிழமை ரிலீஸ் இருக்கு, மேனேஜர் கொன்னுடுவார், ஏதாவது பண்ணுங்க" என்று வாய்ஸ் மெசேஜ் மேல் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினார். மேகத்தை நான் என்ன பண்ணுவது? கையோடு இரண்டு நாள் கூடுதல் லீவு எடுத்துக்கொண்டு போகச் சொல்வதைத்தான் நான் பண்ண முடியும். சொல்லியும் இருந்தேன்.

அந்தச் சாய்வு வந்த கதை எனக்குப் பிடித்தது. எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, அந்தப் பக்கத்து ஷெர்பாக்களுக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டச் சாமான் கொண்டுவருவதற்காக 1964-இல் போட்ட பாதை இது. முதலில் அவர் கேட்டது சமதரை நிலத்தை. விவசாயிகள் கொடுக்கவில்லை, உருளைக்கிழங்கு எங்கே போடுவது? சரி என்று இந்தச் சரிவை வாங்கினார். மண் இறுகவில்லை என்று ஊராருக்கு மது வாங்கிக் கொடுத்து, கைகோத்து ஆடவிட்டு மிதிக்க வைத்தாராம். தார் போட்டதே 2001-இல்தான்.

மலையில் சமதரை என்றாலே அது யாரோ ஒருவருடைய வயல். அல்லது ஆற்றின் இடம். இமாச்சலில் மண்டி பக்கம் பல்ஹ் பள்ளத்தாக்கில் பெரிய விமான நிலையம் கட்டப் பேச்சு எழுந்ததும், காய்கறி விளையும் நிலம் போகிறதே என்று விவசாயிகள் கிளம்பினார்கள். தர்மசாலாவுக்கான கக்கல் நிலையத்தை நீட்டும் திட்டத்திலும் வீடும் கடையும் போகும் என்று எதிர்ப்பு. வயலே வேண்டாம், மலையை வெட்டி நிரவுவோம் என்று சிக்கிமில் பாக்யாங்கைக் கட்டினார்கள். எண்பது மீட்டர் உயரத்துக்கு மண் தாங்கும் சுவர், உண்மையிலேயே அசரவைக்கும் பொறியியல். 2018 செப்டம்பரில் திறந்தார்கள், அக்டோபரில் விமானம் வந்தது. அடுத்த ஜூனில் நின்றுபோனது. கண்ணால் பார்த்து இறங்க வேண்டிய நிலையம், மேகமோ அந்த ஊரின் நிரந்தரக் குடித்தனக்காரர். பிறகு தொடங்கியது, மறுபடி நின்றது.

இதையெல்லாம் கேட்பவர்கள் நான் மலை விமான நிலையங்களுக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லவே இல்லை. லுக்லாவில் அடிபட்டவரைச் சில மணி நேரத்தில் காட்மாண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க முடிகிறது, லேயில் பனிக்காலத்தில் சாலைகள் மூடிக்கிடக்கும்போது காய்கறியிலிருந்து மருந்துவரை விமானத்தில்தான் வருகிறது. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது உயிர்நாடி. நாலு நாள் லீவில் பனியைப் பார்க்கப் போகும் நம் அவசரத்துக்கு அதை இழுத்து நீட்டச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கே புந்தரில் கேப்டன் ஒருவர் பள்ளத்தாக்கு வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, சரியில்லை என்று டெல்லிக்குத் திருப்பினால், உள்ளே இருக்கும் நூறு முணுமுணுப்பையும் மீறி அந்த முடிவை எடுத்தவருக்கு நான் கைதட்டுவேன். ரீஃபண்டுக்கு நானே அலையப் போகிறேன் என்று தெரிந்தும்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்திருந்தார். பாங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர். மணாலி கணக்கெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம ஊட்டிக்கு ஏன் சார் ஒரு ஏர்போர்ட் கட்டல?" என்றார். ஊட்டி 2,240 மீட்டர், காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வருஷத்துக்கு இரண்டு பருவமழை, மிச்ச நாளில் மூடுபனி. கண்ணுக்குத் தெரியும் சமதரை என்றால் ரேஸ்கோர்ஸும் ஏரிக்கரையும்தான், மற்றதெல்லாம் கேரட்டும் உருளைக்கிழங்கும் தேயிலையும். விமானம் இல்லாமலேயே கூட்டம் தாங்காமல், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் சொல்லும்படி ஆயிற்று. கோவை வரை விமானத்தில் போய்க் காரில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரம். இதற்குமேல் என்ன வேகம் வேண்டும்?

அவர் ஒத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. மணாலியை விட்டுவிட்டு, நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து காலை 7.10 மலை ரயில் என்று முடிவுக்கு வந்தார். 1908-இல் ஊட்டியைத் தொட்ட பாதை, 46 கிலோமீட்டர், ஏற ஐந்து மணி நேரம் போல் ஆகும். பேரனுக்கு அதுதான் பிடிக்கும் என்றார். சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். மே மாதம் பூராவும் வெயிட்டிங் லிஸ்ட்.